எங்கள் கதவில் தொங்கிய பலகை

சின்ன வயதில் அப்பா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இந்த ஜெர்மனிக்கு வந்து இறங்கிய என் வயதுக்காரர்களே, இதை உங்களுக்குத்தான் சொல்கிறேன். பிள்ளைகளுக்குச் சொன்னால் கைபேசியைப் பார்த்தபடியே ‘ம்’ கொட்டுவார்கள். நீங்கள் என்றால், எங்கேயோ வைத்த மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்தாவது கடைசிவரை வாசிப்பீர்கள்.

போன மாதம் ஒரு கலியாண வீட்டில் உங்களில் சிலரைக் கண்டேன். ஆண்களுக்கு வயிறு முன்னுக்கு வந்துவிட்டது. எங்களுக்குத் தலைச்சாயம் இல்லாமல் வெளியே போக ஏலாது. ஒரே மேசையில் இருந்து அந்தக் காலத்துக் கஷ்டங்களைப் போட்டி போட்டுக்கொண்டு கதைத்தோம். குளிர், முகாம், யாரோ தந்த பழைய ஜக்கெட். எல்லாம் உண்மைதான். ஆனால் வீடு திரும்பும்போது எனக்கு ஒரு குறை. பெருமைப்பட எங்களிடம் ஒன்றுமே இருக்கவில்லையா? இருந்தது. எங்கள் வீட்டுக் கதவில், கைப்பிடியில் தொங்கியது.

பெர்லின் சுவர் விழுந்ததற்கு அடுத்த இலையுதிர்காலம் அது. எனக்குப் பத்து வயது. ‘ஹைம்’ என்று நாங்கள் சொல்லும் அகதிகள் விடுதியில் ஒரே அறையில் இருந்துவிட்டு, டோர்ட்மண்டின் வடக்குப் பக்கத்தில் ஒரு பழைய மாடிக் கட்டடத்தின் உச்சியில் வீடு கிடைத்திருந்தது. கூரைக்குக் கீழே இரண்டு அறை. சரிந்த சுவரில் அப்பா தினமும் தலையை இடித்துக்கொள்வார். காற்று திரும்பி வீசினால் பியர்த் தொழிற்சாலைப் பக்கமிருந்து தானியம் அவிக்கிற மணம் வரும். அம்மா யன்னலைத் திறந்துவிட்டு, “நெல்லு அவிக்கிற மாதிரிக் கிடக்கு” என்று மூச்சை இழுப்பார். படிக்கட்டிலோ வேறு மணம். மெழுகும் பழைய மரமும் சேர்ந்த மணம். இன்றும் எந்தக் கட்டடத்திலாவது அந்த மணம் வந்தால் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் போவேன்.

அந்த வீட்டில் அப்பாவின் சட்டங்கள் நடந்தன. செருப்போடு நடக்கக் கூடாது. கதிரையை இழுக்கக் கூடாது. மீன் பொரிக்கவே கூடாது. கறி மணம் வெளியே போகாமல் கதவின் அடியில் ஒரு றோசாப்பூ நிறத் துவாயைச் சுருட்டி அடைக்க வேண்டும். உங்கள் வீடுகளிலும் அப்படி ஒரு துவாய் இருந்திருக்கும். இல்லை என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

“ஒருத்தரும் எங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. சொன்னா, திரும்ப ஹைமுக்குத்தான்” என்பார் அப்பா. எங்கள் அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வந்திருக்கவில்லை. நாங்கள் இருப்பதே யாருக்கும் தெரியாமல் இருந்தால்தான் நாங்கள் இருக்க முடியும் என்று அவர் உண்மையாகவே நம்பினார். பாவம், அதுதான் நல்ல நடத்தை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கட்டடத்தில் இரண்டு பேரைத்தான் எங்களுக்குத் தெரியும். நிலத்தளத்தில் இருந்தவரை நாங்கள் சுரங்கக்காரர் என்போம். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைசெய்து ஓய்வு பெற்றவர். பழைய காயங்களுக்குள் கரித்தூள் புகுந்து ஆறியதால் கையில் நீலக் கோடுகள் இருக்கும். பின்வளவில் புறாக்கூடு வைத்திருந்தார். எங்களுக்கு நேர்கீழே, மூன்றாம் மாடியில் இருந்தவர் பாண்கடை அன்ரி. பாண்கடையில் ரொட்டி விற்பவர். இரண்டு பேருக்கும் நல்ல ஜெர்மன் பெயர்கள் இருந்தன. ஆனால் பெயரைச் சொல்லிக் கதைத்தால் சுவருக்கு அந்தப் பக்கம் விளங்கிவிடும் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பட்டப்பெயர்.

பலகையை முதலில் கண்டவர் அம்மா. கையளவு மரப்பலகை, பச்சைக் கயிறு. கதவுக் கைப்பிடியில் தொங்கும். நிலத்தளத்தில் தொங்கும். பிறகு முதலாம் மாடியில், இரண்டாம் மாடியில், பாண்கடை அன்ரியின் கதவில். அதற்குப் பிறகு மேலே வராது. திரும்பவும் நிலத்தளத்துக்குப் போய்விடும்.

“பிள்ளை, அதிலை என்ன எழுதிக் கிடக்குது எண்டு வாசிச்சுச் சொல்லு.”

வாசித்துச் சொன்னேன். இந்தக் கிழமை படிக்கட்டைத் துடைக்கிற முறை உங்களுடையது என்று எழுதியிருந்தது. யாருடைய கதவில் தொங்குகிறதோ அந்த வீட்டார் அந்த வாரம் துடைக்க வேண்டும். சனிக்கிழமை பின்னேரம் அடுத்த கதவில் மாட்டிவிட வேண்டும்.

“அப்ப ஏன் எங்களுக்கு வரேல்லை?”

அப்பாவுக்கு அது நல்ல செய்தி. “வராட்டி நல்லதுதானே. உமக்கு வேலை மிச்சம்.”

வேலை மிச்சம் என்பது அம்மாவுக்கு நியாயமாகப் பட்டிருக்க வேண்டும். அவர் விடியமுன்னம் எழும்பி ட்ராம் ஏறிப் போய், அலுவலகங்களைக் கூட்டித் துடைத்துவிட்டு வருகிறவர். கையில் எப்போதும் குளோரின் மணம். ஆனால் அன்று அம்மா சோற்றைக் குழைத்தபடி வெகுநேரம் சாப்பிடாமல் இருந்தார்.

“எங்கடை கோயில் திருவிழாவிலை ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பகுதி ஆக்களின்ரை உபயம். சில ஆக்களுக்கு மட்டும் ஒரு நாளும் குடுக்கிறேல்லை” என்றார் பிறகு. “அவையளைக் கணக்கிலை எடுக்கேல்லை எண்டுதான் அதுக்கு அர்த்தம். நான் பட்டுச்சீலை உடுத்துக்கொண்டு போய்க் கும்பிட்டுட்டு வந்தனான். ஒரு நாள் எண்டாலும் அதை யோசிச்சுப் பாக்கேல்லை. இப்பத்தான் உறைக்குது.”

“அதுவும் இதுவும் ஒண்டே? உமக்கென்ன விசரே?” என்றார் அப்பா.

அம்மா எழும்பினார். கை கழுவிவிட்டு, தலையை இழுத்துக் கட்டி, நல்ல சீலை ஒன்றை உடுத்தினார். அதற்கு மேலே குளிர்க் கோட்டு. “வா பிள்ளை” என்று என்னைக் கூட்டிக்கொண்டு படியிறங்கினார். உங்களுக்குத் தெரியும்தானே, அந்த நாளில் எங்கள் அம்மாக்களின் வாய் நாங்கள்தான். டொக்டரிடமும் நாங்கள், பள்ளிக்கூடத்திலும் நாங்கள். எங்களைப் பற்றி ரீச்சர் சொல்லும் குற்றச்சாட்டையும் நாங்களேதான் மொழிபெயர்த்தோம்.

சுரங்கக்காரர் கதவைத் திறந்தார். மேல்சட்டையில் புறா இறகு ஒன்று ஒட்டியிருந்தது.

“ஏன் எங்களுக்கு மட்டும் பலகை தரேல்லை எண்டு கேள்” என்றார் அம்மா.

கேட்டேன். மனிதர் தாடையைச் சொறிந்தார். சொறிந்துகொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: உன் அம்மா இருட்டோடு வேலைக்குப் போவதை ஒவ்வொரு நாளும் பார்க்கிறேன். வெளியே அவ்வளவு துடைக்கிறவர் இங்கேயும் துடைக்க வேண்டாம் என்று நாங்கள் கதைத்து முடிவெடுத்தோம். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை.

நல்ல மனிதர். நல்ல மனதோடுதான் செய்திருக்கிறார். ஆனால் எங்களைப் பற்றி எங்களைத் தவிர எல்லோரோடும் கதைத்து முடிவெடுத்திருக்கிறார்கள். இதை இப்போது சொல்கிறேன். அன்று எனக்கு அவர் சொன்னது சரியாகவே பட்டது. அம்மாவுக்குச் சொன்னேன்.

“அங்கை நான் சம்பளத்துக்குத் துடைக்கிறன். இது என்ரை வாசல். அப்பிடியே சொல்லு. குறைக்காதை.”

குறைக்காமல் சொன்னேன். சுரங்கக்காரர் என்னைப் பார்க்கவில்லை. அம்மாவையே பார்த்தார். பிறகு தலையை ஒருதரம் ஆட்டினார். அந்தச் சனிக்கிழமை பின்னேரம், எங்கள் கதவில் ஏதோ தட்டுப்படும் சத்தம் கேட்டது. திறந்தால் யாரும் இல்லை. பலகை தொங்கிக்கொண்டிருந்தது.

“இல்லாத கரைச்சலைக் கூப்பிட்டு வைச்சிருக்கிறீர்” என்றார் அப்பா. அம்மா சீலைத் தலைப்பால் பலகையைத் துடைத்து, கயிற்றை நேராக்கி மாட்டினார்.

இனி நடந்ததைச் சிரிக்காமல் கேட்க வேண்டும்.

இலையுதிர்கால விடுமுறை. வெள்ளிக்கிழமை. அம்மா காலை வேலை முடிந்து வந்து, தலைக்கு முழுகி, ஈரக் கூந்தலை முடிந்துகொண்டு, வாளி எடுத்தார். அலுவலகத் தரையை அங்கே சொல்லித் தந்த மாதிரித் துடைப்பார். ஆனால் இது வாசல். வாசலைத் துடைக்கிறதாவது! வாசல் என்றால் கழுவ வேண்டும். அதுவும் வெள்ளிக்கிழமையில், மஞ்சள் கரைத்த தண்ணீரில். நான் குளியலறையில் தண்ணீர் பிடித்துப் பிடித்துக் கொடுக்க, அம்மா எங்கள் கதவடியில் நின்று வாளியைச் சரித்தார். முழு வாளி. பிறகு இன்னொன்று.

மெழுகு பூசிய மரப்படி தண்ணீரைக் குடிக்கவில்லை. அது அருவியாய் இறங்கியது. எனக்கு ஆனந்தம். ஒவ்வொரு திருப்பத்திலும் எட்டி எட்டிப் பார்த்தேன். மஞ்சள் தண்ணீர் நுரைத்துக்கொண்டு இரண்டாம் மாடி, முதலாம் மாடி என்று ஓடியது. அம்மா தும்புக்கட்டையால் தேய்த்தபடி பின்னால் இறங்கினார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவை ஹைமில் நான் கண்டதில்லை.

கீழே இருந்து ஒரு சத்தம் எழும்பியது. படிக்கட்டின் அடியில் நிலவறைக்குப் போகும் கதவு. அதற்குப் பின்னால் சுரங்கக்காரரின் புறாத்தீன் சாக்குகள். தண்ணீருக்கு வழி தெரியும்தானே, நேரே அங்கேதான் போயிருக்கிறது. அதே நேரம் பாண்கடை அன்ரி வேலை முடிந்து வந்து, நனைந்த சப்பாத்தோடு வாசலில் நின்றார். படி முழுக்க மெழுகு வெளுத்து, திட்டுத் திட்டாய் மஞ்சள்.

“இதற்குத்தான் அவர்களுக்குப் பலகை வேண்டாம் என்று சொன்னேன்” என்றார் அன்ரி.

அம்மா என்னைப் பார்த்தார். “என்ன சொன்னவ? உள்ளதைச் சொல்லு” என்றார். சொன்னேன். அம்மாவின் முகம் சுருங்கியது. ஒரு கணம்தான். விறுவிறுவென்று மேலே ஏறினார். ஓடி ஒளிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் எங்கள் கதவடியில் கிடந்த றோசாப்பூத் துவாயை உருவி எடுத்துக்கொண்டு திரும்பி வந்து, நிலவறையில் முழங்காலில் இருந்து தண்ணீரை ஒற்றி ஒற்றிப் பிழியத் தொடங்கினார்.

“பிழை என்ரை. தண்ணி கூடிப் போச்சுது. தீனைக் காயவைச்சு நானே தாறன் எண்டு சொல்லு.”

சுரங்கக்காரர் உறுமினார். அது ஓமா இல்லையா என்று எனக்கு விளங்கவில்லை. அம்மா அதை ஓம் என்று எடுத்துக்கொண்டார்.

அப்பா உணவகத்துச் சமையலறையில் கோப்பை கழுவிவிட்டுப் பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது, கால் வைக்க இடமில்லை. படுக்கை விரிப்புகள் எல்லாம் நிலத்தில். அவற்றின் மேல் சோளம், பட்டாணி, பெயர் தெரியாத சின்னச் சின்ன விதைகள். வெப்பமூட்டி முழு வேகத்தில். நானும் அம்மாவும் ஊரில் உழுந்து காயப்போடுகிற மாதிரிக் கையால் கிளறிக்கொண்டிருந்தோம். கதையைக் கேட்ட அப்பா அதிர்ந்துபோய் நிமிர்ந்ததில் சரிந்த சுவரில் தலையை இடித்துக்கொண்டார்.

“முடிஞ்சுது. இனி ஹைம்தான். வாரும், இப்பவே போய்க் காலிலை விழுவம். அந்தப் பலகையையும் குடுத்திட்டு வருவம்.”

“பிழைக்கு மன்னிப்புக் கேக்கிறது வேறை. காலிலை விழுறது வேறை” என்றார் அம்மா. “மன்னிப்பு நான் கேட்டிட்டன். பலகையை அவையள் பறிச்சாப் பறிக்கட்டும். நானாக் குடுக்க மாட்டன்.”

அப்பா கட்டில் விளிம்பில் இருந்து தலையைத் தடவினார். வீடு போய்விடுமோ என்று எனக்கும் பயம். ஆனால் சொல்கிறேனே, அந்தப் பயத்துக்குள்ளும் ஒரு பெருமை. அம்மா கத்தவும் இல்லை, அழவும் இல்லை. பட்டாணியைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. இன்றைய என்னைவிட எவ்வளவோ சின்னப் பெண்.

இருட்டுகிற நேரம் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. சுரங்கக்காரர்தான். அப்பா கதவைத் திறந்துவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றார். சுரங்கக்காரர் உள்ளே கால் வைக்கப் போனவர், கதவோரம் வரிசையாய் இருந்த எங்கள் சப்பாத்துகளைக் கண்டார். யாரும் கழற்றச் சொல்லவில்லை. சிரமப்பட்டுக் குனிந்து, தன் கனத்த சப்பாத்துகளைக் கழற்றி, அந்த வரிசையின் கடைசியில் ஒழுங்காக வைத்தார். ஒரு காலுறையில் ஓட்டை. பெருவிரல் எட்டிப் பார்த்தது. ஒரு ஜெர்மன்காரர் எங்கள் வீட்டுக்குள் வந்தது அதுதான் முதல் தடவை.

அவர் விரிப்பின் ஓரம் குந்தியிருந்து ஒரு சோளத்தை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்தார். நெல்லு காய்ந்துவிட்டதா என்று அம்மாவும் அப்படித்தான் பார்ப்பார். “நல்லாயிருக்கு” என்கிற மாதிரித் தலையை ஆட்டினார்.

அப்பா தனக்குத் தெரிந்த ஜெர்மன் சொற்கள் எல்லாவற்றையும் பொறுக்கிச் சேர்த்தார். மன்னிக்க வேண்டும். நாளை பலகை தருகிறோம். இனி இல்லை. முடிந்தது.

சுரங்கக்காரர் எழும்பினார். “பலகை இங்கேதான் இருக்கும்” என்றார். “படி திட்டுத் திட்டாய்க் கிடக்கிறது. இந்தக் கட்டடத்தில் ஒழுங்காகத் துடைக்காதவர் அடுத்த கிழமையும் துடைக்க வேண்டும். போன நத்தார்ப் பண்டிகைக்கு மூன்றாம் மாடிக்கு அப்படித்தான் நடந்தது. புறா எச்சத்தை மிதித்துக்கொண்டு ஏறியதற்காக எனக்கும் நடந்திருக்கிறது. உங்களுக்கும் அதுதான்.”

நான் தமிழில் சொன்னேன். “பலகை எங்களிட்டைத்தானாம். வடிவாச் செய்யாட்டித் திரும்பச் செய்ய வேணுமாம். அது எல்லாருக்கும் ஒண்டுதானாம்.”

அப்பாவின் முகம் விழுந்துவிட்டது. அவருக்கு அது தண்டனை. அம்மாவோ, அந்தக் கிழமை முழுக்க அடக்கி வைத்திருந்த சிரிப்பெல்லாம் முகத்துக்கு வர, கையில் ஒட்டியிருந்த விதைகளைத் தட்டிவிட்டு எழும்பினார்.

“கேட்டியளே அப்பா? எல்லாருக்கும் ஒண்டுதானாம்!” என்றார். என்னிடம் திரும்பி, “அவரை இருக்கச் சொல்லு. தேத்தண்ணி போடுறன்” என்றார்.

ஒரு பிழைக்குத் தண்டனை கிடைத்ததை விருது கிடைத்த மாதிரி அடுத்த கிழமை முழுக்க எங்கள் கதவில் மாட்டி வைத்திருந்தோம். மேலே உச்சியில் இருந்த வீட்டுக்கு யார் வரப் போகிறார்கள்? இருந்தாலும் அம்மா ஒரு நாளைக்குப் பலமுறை கதவைத் திறந்து அதைப் பார்த்தார்.

அடுத்த வெள்ளி, சுரங்கக்காரர் தன் தரைத்துணியோடு வந்து, எவ்வளவு இறுக்கிப் பிழிய வேண்டும் என்று காட்டினார். அம்மா பிழிந்தார். அவர் வாங்கி இன்னும் பிழிந்தார். பாண்கடை அன்ரி மேலே ஏறும்போது நின்று பார்த்துவிட்டு, உள்ளே போய் ஒரு பழைய கம்பளிக் காலுறையும் மெழுகு டப்பாவும் கொண்டுவந்தார். கையைக் காலுறைக்குள் விட்டு வட்டம் வட்டமாய் மெழுகு தேய்த்துக் காட்டினார். போன கிழமை சொன்னதற்கு அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. அம்மாவும் எதிர்பார்க்கவில்லை. படி மினுங்கியது. அடிப்படியின் மூலையில் மட்டும் ஒரு மஞ்சள் கறை கடைசிவரை போகவில்லை.

துவாய் திரும்பக் கதவடிக்குப் போகவில்லை. அது தரைத்துணியாகிவிட்டது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் மீன் பொரித்தோம். பாண்கடை அன்ரி மணம் தாங்க ஏலாது என்று நேரே வந்து கதவைத் தட்டி, அம்மாவின் முகத்துக்கு நேரே சண்டை பிடித்தார். விடியப்புறம் உங்கள் மணிக்கூடு அடித்து எங்கள் நித்திரை போகிறது என்று அம்மா என்னை வைத்துத் திருப்பிக் கொடுத்தார். இரண்டு பேரும் நல்லாகச் சண்டை பிடித்தார்கள். அப்பா உள்ளே நடுங்கிக்கொண்டிருந்தார். ஆனால் எங்களை யாரும் ஹைமுக்கு அனுப்பவில்லை.

எனக்கு மரியாதை என்றால் என்ன என்று யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. இரங்குவது வேறு, மதிப்பது வேறு என்று அந்தப் படிக்கட்டில் கண்ணால் பார்த்தேன். உங்களையும் சேர்த்துக்கொள்கிறோம் என்று வாயால் சொல்வது லேசு. உங்கள் பங்கு வேலையை நீங்கள் ஒழுங்காகச் செய்யவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னாரே, அந்த மனிதர்தான் எங்களை முதலில் அயலவராய் எண்ணியவர். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். கட்டடத்தைப் புதுப்பித்து, படிக்குக் கல் பதித்துவிட்டார்கள். பலகை என்ன ஆனதென்று யாருக்கும் தெரியவில்லை.

இப்போது நான் இருக்கும் கட்டடத்திலும் பலகை உண்டு. பிளாஸ்டிக் அட்டை, ஆனால் வேலை அதேதான். இந்த வருடம் முதலாம் மாடிக்கு ஒரு சிரியக் குடும்பம் வந்தது. சில மாதங்கள் கழித்து வீட்டுக்காரர்கள் கூடியபோதுதான், அட்டை அவர்கள் கதவைத் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருப்பது எனக்குத் தெரிய வந்தது. “பாவம், எவ்வளவோ பட்டு வந்திருக்கிறார்கள், கொஞ்ச நாள் விடுவோமே” என்று ஒருவர் கனிவாகச் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு வந்ததே கோபம். அட்டையைக் கையில் வாங்கிக்கொண்டு, இனி இதற்கு நான் பொறுப்பு என்று சொல்லிவிட்டு எழும்பினேன்.

கதவைத் திறந்தது ஒரு சிறுமி. பின்னால் தாய், தலையை மூடிய துணியைச் சரிசெய்தபடி. அட்டையை நீட்டி விளக்கினேன். சிறுமி தன் மொழியில் தாய்க்குச் சொன்னாள். தாய் கேட்டுவிட்டு, என்னைப் பார்த்து, சுருக்கமாக ஏதோ சொன்னார். சிறுமி தயங்கினாள். தாய் அவள் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். குறைக்காதே என்கிற தட்டு. எனக்கு அது எந்த மொழியிலும் விளங்கும்.

“ஏன் எங்களுக்கு மட்டும் இவ்வளவு நாளும் தரவில்லை என்று அம்மா கேட்கிறா” என்றாள் சிறுமி.

என் கை தன்பாட்டில் தாடைக்குப் போனது. சொறிந்துகொண்டே நின்றேன்.

“பிழை எங்களுடையது என்று அம்மாவிடம் சொல்” என்றேன். சொன்ன பிறகும் போக மனமில்லாமல், “தண்ணீர் மட்டும் கொஞ்சமாய்ப் போதும்” என்றும் சொன்னேன்.

சனிக்கிழமை பின்னேரம் மேலிருந்து கீழே ஒவ்வொரு படியாய்ப் பார்த்துக்கொண்டு இறங்கினேன். நன்றாகத்தான் துடைத்திருந்தார்கள். கடைசித் திருப்பத்தில் மட்டும் ஒரு மூலை விடுபட்டுக் கிடந்தது. தெரியாத மாதிரிப் போயிருக்கலாம்.

அடுத்த கதவுக்குப் போயிருந்த அட்டையை எடுத்துத் திரும்பவும் அவர்கள் கதவிலேயே மாட்டி, கயிற்றை நேராக்கிவிட்டு வந்தேன்.